முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இந்த மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவன். முன்வரிசையில் இருப்பவர்களில் இரண்டு பேர் என்னோடு ஒரே வாரத்தில் பணியில் சேர்ந்தவர்கள். அதன் பிறகு குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய், மெல்பர்ன் நகரின் மேற்குப் புறநகர்ப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் எடுத்து வருகிறேன். "ஆஸ்திரேலியக் கல்வி முறை பற்றிப் பேசுங்கள்" என்று கேட்டார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் படிவங்கள், மதிப்பீட்டு அட்டவணைகள் என்று போகும். அவை உங்களிடமே போதுமான அளவு இருக்கின்றன. அதனால் நான் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இன்னும் குறிப்பாக, 2019ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் தங்கள் கிளப்பின் முதல்நிலை அணிக்கு முதல் முறையாக ஆடியவர்கள் சிலரைப் பற்றி.

கணக்கு வாத்தியாருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். மெல்பர்னில் இந்த ஆட்டம் தெரியாமல் வகுப்பு எடுக்க முடியாது. வியாழக்கிழமை மாலை அந்த வார அணிகளை அறிவிப்பார்கள். வெள்ளிக்கிழமை காலை முதல் பீரியடில் பிள்ளைகள் பேசுவது முழுக்க அதுதான். யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள், யாருக்கு முதல் ஆட்டம். நான் போன புதிதில் ஒரு மண்ணும் புரியவில்லை. இப்போது அதை வைத்துத்தான் சராசரியும் விகிதமும் நடத்துகிறேன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைதானம் முட்டை வடிவம். பெரும்பாலும் கிரிக்கெட் மைதானம்தான். ஒரு பக்கத்துக்கு 18 பேர் களத்தில்; 2019இல் 4 பேர் மாற்று. பந்தும் முட்டை வடிவம். உதைக்கலாம், முஷ்டியால் குத்தித் தரலாம், எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. அதனால் ஸ்கோர் மூன்று எண்களாக வரும்: 17.12 (114) என்றால் 17 கோல், 12 ஒற்றைப் புள்ளி, மொத்தம் 114. ஆறாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பெருக்கல் கூட்டல் கணக்கு கிடைக்காது.

இது பள்ளிக்கூடத்தோடு பிறந்த ஆட்டம் என்பதையும் சொல்ல வேண்டும். 1858 ஆகஸ்டில் மெல்பர்னில் ஸ்காட்ச் கல்லூரிக்கும் மெல்பர்ன் கிராமர் பள்ளிக்கும் இடையே ஒரு போட்டி நடந்தது. பக்கத்துக்கு 40 பேர். ஒரே நாளில் முடியவில்லை. மூன்று சனிக்கிழமை ஆடி, ஆளுக்கு ஒரு கோலோடு சமனில் விட்டார்கள். நடுவராக நின்ற இருவரில் ஒருவர் ஜான் மெக்கடம், வேதியியல் ஆசிரியர். கடைகளில் விலை உயர்ந்த பருப்பாக விற்கும் மெக்கடேமியாவுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அடுத்த ஆண்டு, 1859 மே மாதம், மெல்பர்ன் கிளப் விதிகளை எழுதி வைத்தது. இப்போது ஏ.எஃப்.எல். என்று அழைக்கப்படும் தேசியப் போட்டியில் 2019இல் 18 கிளப்புகள் ஆடின.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். ஒவ்வொரு பருவத்திலும் "அறிமுகமானவர்கள்" என்று ஒரு பட்டியல் தொகுப்பார்கள். அதில் இரண்டு வகையானவர்களையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஒருவர், இதுவரை தேசியப் போட்டியில் ஆடியே இராத பையன். இன்னொருவர், வேறொரு கிளப்பில் நூறு ஆட்டம் ஆடிவிட்டு இந்தக் கிளப்புக்கு மாறி வந்தவர். இருவருக்கும் ஒரே அட்டவணை. முதலில் பார்த்தபோது எனக்கு இது விநோதமாக இருந்தது. பிறகு, மாறுதல் கலந்தாய்வில் புதுப் பள்ளிக்குப் போன நாள் ஞாபகம் வந்தபோது, இது சரிதான் என்று பட்டது. பதினைந்து வருட அனுபவம் இருந்தாலும், அந்தப் பள்ளியில் தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று யாரையாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்?

2019 மார்ச் 21, பருவத்தின் முதல் ஆட்டம். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ரிச்மண்டும் கார்ல்டனும் மோதின. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். அந்த ஒரே ஆட்டத்தில் இரண்டு வகைப் புதியவர்களும் இருந்தார்கள். கார்ல்டன் பக்கம் சாம் வால்ஷ், வயது 18. நான்கு மாதம் முன்புவரை பள்ளி மாணவர். ரிச்மண்ட் பக்கம் டாம் லிஞ்ச், வயது 26. கோல்ட் கோஸ்ட் கிளப்பின் இணைத் தலைவராக இருந்துவிட்டு மாறி வந்தவர்.

வால்ஷ் எப்படி வந்தார் என்று சொல்ல, டிராஃப்ட் என்ற தேர்வு முறையைச் சொல்ல வேண்டும். அங்கே பையன்கள் தங்களுக்குப் பிடித்த கிளப்பில் போய்ச் சேர முடியாது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் கிளப்புகள் வரிசையாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் வாய்ப்பு. இது 1986இலிருந்து நடக்கிறது. பலமில்லாத அணிக்கு முதலில் கொடு என்ற ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஊரிலேயே நன்றாக ஆடும் பையன், அந்த நேரத்தில் மிகவும் தள்ளாடிக்கொண்டிருக்கும் கிளப்புக்குப் போகிறான். 2018இல் கார்ல்டன் மொத்தமே இரண்டு ஆட்டங்களில்தான் வென்றிருந்தது. அதனால் முதல் தேர்வு அவர்களுக்கு. அவர்கள் எடுத்தது வால்ஷை.

2019இலும் கார்ல்டனுக்கு விடிவு வரவில்லை. முதல் பதினோரு ஆட்டங்களில் ஒரே வெற்றி. பருவத்தின் பாதியில் பயிற்சியாளரை நீக்கினார்கள். இதை வகுப்பறையாக நினைத்துப் பாருங்கள்: பள்ளியிலிருந்து வந்த பையன், தோற்றுக்கொண்டே இருக்கும் கூட்டம், அவனைச் சேர்த்துக்கொண்டவரே நடுவில் வெளியேறுகிறார். வால்ஷ் 22 ஆட்டங்களில் ஒன்றைக்கூட விடவில்லை. அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரருக்கான 'ரைசிங் ஸ்டார்' விருதும் அவருக்குத்தான். 1993இல் தொடங்கிய விருது அது. வாரம் ஒரு பையனைப் பரிந்துரைத்து, கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வாரா வாரம் ஒரு பெயர் என்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆண்டு விழாவில் ஒரே ஒரு பிள்ளைக்குக் கோப்பை கொடுப்பதைவிட இதில் நியாயம் அதிகம். ஒரு சனிக்கிழமை மட்டும் நன்றாக ஆடிய பையனின் பெயரும் எழுதப்பட்டுவிடுகிறது.

லிஞ்சின் கதை வேறு. அவர் அந்தப் பருவத்தில் 63 கோல் அடித்தார். ரிச்மண்டில் அதுதான் அதிகம். கோப்பையும் கிடைத்தது. அதே ஆண்டு ஃப்ரீமேண்டிலிலிருந்து பிரிஸ்பேனுக்கு மாறிய லாக்கி நீலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போனார். நாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. பிரிஸ்பேன் முந்தைய ஆண்டு பதினைந்தாம் இடத்தில் இருந்த அணி. 2019இல் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது இரண்டாம் இடம். அந்த ஆண்டு கிளப்பின் சிறந்த வீரர் நீல். அடுத்த ஆண்டு போட்டியிலேயே உயர்ந்ததான பிரவுன்லோ பதக்கமும் அவருக்கு. ஒருவர் வந்ததால் மட்டும் ஓர் அணி பதின்மூன்று இடம் ஏறாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அனுபவமுள்ள ஒருவர் மாறி வரும்போது, "இவர் பழைய பள்ளியில் எப்படியோ, இங்கே நம் வழக்கம் இதுதான்" என்று சொல்லி ஓரமாக உட்கார வைக்காமல், அவருக்குத் தெரிந்ததைச் செய்ய விட்டார்கள். நம் ஆசிரியர் அறைகளில் இது எத்தனை இடத்தில் நடக்கிறது என்று உங்கள் மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், தலைமை ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

இளையவர்களுக்கு வருவோம். போர்ட் அடிலெய்டு என்ற கிளப் 2018 தேர்வில் 5ஆம் இடத்தில் கானர் ரோஸி, 12ஆம் இடத்தில் சாக் பட்டர்ஸ், 18ஆம் இடத்தில் சேவியர் டூர்ஸ்மா என்று மூன்று பையன்களை எடுத்தது. 2019 முதல் சுற்றில் மூவரையும் ஒரே ஆட்டத்தில் களமிறக்கினார்கள். வெளியூர் மைதானம், எதிரணி மெல்பர்ன். போர்ட் அடிலெய்டு வென்றது. பருவம் முடிந்தபோது கிளப்பில் அதிகக் கோல் அடித்தவர் ரோஸி, 29 கோல். 19 வயதுப் பையன்.

இந்த மூவரையும் பற்றி என் மாணவர்கள் பேசும்போது ஒன்றைக் கவனித்தேன். அவர்கள் "ரோஸி" என்று தனியாகச் சொல்வதே குறைவு. மூன்று பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். புதிதாக வருகிறவருக்குத் துணையாக இன்னொரு புதியவர் இருப்பது பெரிய பலம். தவறு செய்தால் சிரிக்கிற கூட்டம் ஒரு பக்கம் இருந்தால், அதே தவறைச் செய்தவன் ஒருவன் பக்கத்தில் நிற்கிறான். ஆறாம் வகுப்பில் மூன்று தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்போது, பிரிவு பிரிக்கிற அன்று அகர வரிசையில் ஏ, பி, சி என்று வெட்டிவிடுகிறோம். ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகளாவது ஒரே பிரிவில் இருக்கிறார்களா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்று, புதியவரை எங்கே நிறுத்துகிறார்கள் என்பது. பெரும்பாலான இளம் வீரர்களை மைதானத்தின் நடுவே, ஆட்டம் கொதிக்கிற இடத்தில் உடனே நிறுத்த மாட்டார்கள். ஓரத்திலோ முன்பகுதியிலோ கொஞ்சம் மூச்சு விடக்கூடிய இடத்தில் தொடங்குவார்கள். மாற்று இருக்கையில் உட்கார வைத்து எடுப்பார்கள். சில வாரம் ஓய்வு கொடுத்து இரண்டாம் நிலை அணிக்கு அனுப்புவார்கள். அது தண்டனை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்த ஆசிரியருக்கு யாரும் எடுக்க விரும்பாத ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவு, கடைசிப் பீரியடு, கூடவே சத்துணவுப் பதிவேடு. "நாங்களும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்" என்று ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமையால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. 2018 தேர்வில் கிங் என்ற இரட்டையர் இருந்தார்கள். மேக்ஸ் கிங் 4ஆம் இடம், செயின்ட் கில்டா கிளப். பென் கிங் 6ஆம் இடம், கோல்ட் கோஸ்ட். அந்த ஆண்டு பள்ளி ஆட்டத்தில் மேக்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. தெரிந்தேதான் அந்தக் கிளப் அவரை எடுத்தது. பென் 2019இல் அறிமுகமானார். மேக்ஸ் அந்த ஆண்டு முழுவதும் ஒரு ஆட்டமும் ஆடவில்லை, 2020இல்தான் வந்தார். ஒரே வீடு, ஒரே பிறந்தநாள், ஒரே உயரம். பட்டியலில் மட்டும் வேறு வேறு ஆண்டு. அந்தக் கிளப் அவரை அவசரப்படுத்தவில்லை. இரட்டைப் பிள்ளைகளை வகுப்பில் வைத்திருக்கிற ஆசிரியர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் பதினெட்டு வயதில் பெயர் கூப்பிடப்பட்டவர்கள். கூப்பிடப்படாதவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த உரை பாதிப் பொய்யாகிவிடும்.

தேர்வு நவம்பர் கடைசியில் வரும் என்றேன் அல்லவா, அதற்குச் சற்று முன்புதான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு முடியும். 18 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் ஆடும் நூற்றுக்கணக்கான பையன்களில், தேர்வில் கூப்பிடப்படுவது சில பத்துப் பெயர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நல்ல ஓட்டக்காரன். வேலை நாளில் மூன்று மாலை பயிற்சி, சனி ஞாயிறு ஆட்டம்; நடுவில் கணக்கு. இரண்டு இரவுகள் நடந்த தேர்வில் அவன் பெயர் வரவில்லை. அடுத்த வாரம் நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரப் பள்ளிக்கு வந்தான். பள்ளியே வெறிச்சோடிக் கிடந்தது. "இப்போ என்ன சார் செய்றது?" என்று கேட்டான். பதினெட்டு வயதில், இனி எதுவும் மிச்சமில்லை என்பது போன்ற குரல். பிளஸ் டூ மதிப்பெண் வந்த அன்று மதியம் பள்ளி வாசலில் நீங்கள் கேட்கிற அதே குரல். இப்போது அவன் எலக்ட்ரீசியன். சனிக்கிழமைகளில் உள்ளூர் கிளப்புக்கு ஆடுகிறான். நன்றாக இருக்கிறான். ஆனால் அந்தக் கேள்வியோடு அவன் நூலக வாசலில் நின்றபோது பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தது தற்செயல்தான். பள்ளி ஏற்பாடு செய்தது இல்லை.

இனி, இந்தப் பட்டியலை உங்களிடம் கொண்டுவரக் காரணமான பெயரைச் சொல்கிறேன். மார்லியன் பிக்கெட்.

மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கர் மக்களில் ஒருவர். சாம் வால்ஷின் பெயரைக் கூப்பிட்ட அதே வயதில் பிக்கெட் சிறையில் இருந்தார். திருட்டுக் குற்றங்களுக்காக இரண்டரை ஆண்டுத் தண்டனை. இதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வெளியே வந்த பிறகு தெற்கு ஃப்ரீமேண்டில் என்ற மாநில அளவிலான கிளப்பில் சேர்ந்தார். ஆண்டுதோறும் நவம்பர் வந்தது. தேசியத் தேர்வில் அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. வயது 23, 24, 25 என்று ஏறிக்கொண்டே போனது. நான்கு குழந்தைகளுக்குத் தகப்பனும் ஆனார். பதினெட்டு வயதுக்காரர்களைத் தேடுகிற தேர்வில், இருபத்தேழு வயதுக் குடும்பஸ்தனை யார் பார்ப்பார்கள்?

2019இல் ஒரு மாற்றம் வந்தது. பருவத்தின் நடுவில் இன்னொரு தேர்வு வைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 1993க்குப் பிறகு நிறுத்தி வைத்திருந்த முறை அது. மே மாதக் கடைசியில் அந்தத் தேர்வு நடந்தபோது பிக்கெட்டுக்கு விரலில் எலும்பு முறிவு. இருந்தும் ரிச்மண்ட் 13ஆவது தேர்வாக அவரை எடுத்தது. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் குடும்பத்தோடு வந்தார். விரல் ஆறியது. மாதக்கணக்கில் இரண்டாம் நிலை அணியில்தான் ஆடினார். முதல்நிலை அணியில் இடம் இல்லை. செப்டம்பர் 22 அன்று இரண்டாம் நிலை அணி இறுதிப் போட்டியில் வென்றது. ஆட்ட நாயகன் பதக்கம் பிக்கெட்டுக்கு. அத்தோடு பருவம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முதல்நிலை அணியில் ஒருவருக்குக் காயம். ஆறு நாள் கழித்து, செப்டம்பர் 28, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 1,00,014 பேர் முன்னால், ஏ.எஃப்.எல். இறுதிப் போட்டியில், பிக்கெட் தன் முதல் ஆட்டத்தை ஆடினார். முதல் ஆட்டமே இறுதிப் போட்டி. அதற்கு முன்பு அப்படி நடந்தது 1952இல், காலிங்வுட் கிளப்பின் கீத் பாட்ச்லர் என்பவருக்கு. 67 ஆண்டுகள்.

அந்த மாலை நானும் என் பிள்ளைகளும் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தோம். ஆட்டத்தின் ஆரம்பத்தில் பந்து அவர் கைக்கு வந்தது. பின்னால் ஒருவன் பாய்ந்து வருகிறான். பார்க்காமலே ஒரு சுழல் சுழன்று விலகி, நிதானமாக உதைத்து அனுப்பினார். பத்து வருடம் இந்த மைதானத்தில் ஆடியவர் போல. பிறகு ஒரு கோலும் அடித்தார். அணியிலிருந்த அத்தனை பேரும் ஓடி வந்து அவர் மேல் விழுந்தார்கள். மொத்தம் 22 முறை பந்தைக் கையாண்டார். ரிச்மண்ட் 17.12 (114), ஜி.டபிள்யூ.எஸ். 3.7 (25). 89 புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. முடிவு ஒருதலைப்பட்சமானது என்பதால் அந்த இறுதிப் போட்டியைப் பலர் மறந்துவிட்டார்கள். அந்தச் சுழலை யாரும் மறக்கவில்லை. விளையாட்டுத் திடலில் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் சுழன்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கு முட்டியில் சிராய்ப்பு.

பிக்கெட்டின் வாழ்க்கை முழுவதையும் எடுத்து வைத்துத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு மனிதனின் வாழ்க்கை ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிடுவதில்லை. அந்த ஒரு பருவத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன். அவருக்குத் திறமை திடீரென்று 2019இல் வரவில்லை. அந்த ஆண்டு மாறியது விதிமுறை. ஆண்டின் நடுவே ஒரு கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவதாக, உடைந்த விரலோடு இருந்தவரை எடுத்துக்கொண்டு, ஆறும்வரை ஒரு கிளப் காத்திருந்தது. மூன்றாவதாக, காயம்பட்டவருக்குப் பதில் யார் என்று கேள்வி வந்தபோது, அனுபவமுள்ள பழைய ஆள் ஒருவரைப் போட்டுப் பத்திரமாக இருந்துகொள்ளாமல், போன வாரம் நன்றாக ஆடியவர் யார் என்று பார்த்தார்கள்.

இடைநின்று திரும்பி வரும் பிள்ளைகளை இங்கே உங்கள் எல்லோருக்கும் தெரியும். செங்கல் சூளையிலிருந்து, மில்லிலிருந்து, கல்யாணப் பேச்சிலிருந்து மீட்டுக் கொண்டு வந்த பெண் பிள்ளைகள். கூர்நோக்கு இல்லத்திலிருந்து வந்த பையன்கள். அலுவலகக் கணக்கில் அவர்களைச் சேர்த்துவிடுகிறோம். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஆகஸ்ட் மாதம் ஒரு புதன்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது? "எங்கேடா போயிருந்தே இவ்வளவு நாளா?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்கிறோம். பாதி வருடம் போன பாடப் புத்தகம், பக்கத்தில் உட்கார யாரும் இல்லை, கடைசி பெஞ்ச். பத்து நாளில் அந்தப் பிள்ளை மறுபடியும் காணாமல் போனால், "நாங்கள் என்ன செய்ய முடியும், சார்" என்று எழுதுகிறோம்.

அந்தக் கிளப்புகளில் முதல் ஆட்டத்துக்கு ஒரு சடங்கு உண்டு. ஆட்டத்துக்கு முன்பு எல்லோரும் ஓர் அறையில் கூடுவார்கள். புதியவரின் குடும்பத்தை வரவழைத்திருப்பார்கள். வெளி மாநிலம் என்றால் விமானத்தில். அப்பாவோ அம்மாவோ, பழைய வீரர் ஒருவரோ ஜெர்சியை அவர் கையில் கொடுப்பார். இரண்டு வார்த்தை பேசுவார்கள். பெரிய பெரிய ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிக்கெட்டுக்கு ஜெர்சியைக் கொடுத்தது அவருடைய குடும்பம். நான்கு குழந்தைகளும் இருந்தார்கள். எண் 50. இதற்கு ஆகும் செலவு என்று பார்த்தால் ஒரு பனியனும் ஐந்து நிமிடமும். திரும்பி வருகிற பிள்ளைக்கு நாம் இலவசச் சீருடை கொடுக்கிறோம். அதையே வகுப்பின் முன்னால், அம்மாவையும் அழைத்து, ஒரு மாணவத் தலைவர் கையால் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளை கூச்சப்படுகிற பிள்ளையாக இருந்தால் ஆசிரியர் அறையிலேயே கொடுங்கள். எது சரி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வரவேற்பு என்று பேசும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1999இல் ரைசிங் ஸ்டார் விருது வாங்கிய பையன் ஆடம் கூட்ஸ். பூர்வகுடி. பிறகு இரண்டு முறை பிரவுன்லோ பதக்கம், 2014இல் 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' விருது. இனவெறிக்கு எதிராக வாய் திறந்ததற்குப் பிறகு, மைதானம் மைதானமாகக் கூட்டம் அவரைக் கூச்சலிட்டு ஏசியது. 2015இல் ஆட்டத்தை விட்டே போனார். நான்கு ஆண்டு கழித்து, நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், போட்டி நிர்வாகமும் 18 கிளப்புகளும் சேர்ந்து அவரிடம் மன்னிப்புக் கேட்டன. அதே ஆண்டு செப்டம்பரில்தான் கூட்டம் பிக்கெட்டுக்கு எழுந்து நின்று கை தட்டியது. இரண்டும் ஒரே விளையாட்டு, ஒரே மைதானங்கள். முதல் நாள் மாலை போடுவது எளிது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை நமக்குப் பிடிக்காத உண்மை ஒன்றைச் சொன்னால் அப்போதும் பக்கத்தில் நிற்போமா என்பது வேறு விஷயம்.

பெண்கள் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான தேசியப் போட்டி 2017இல்தான் தொடங்கியது. 2019இல் இரண்டு புதிய கிளப்புகள் சேர்ந்தன. அந்த ஆண்டு ரைசிங் ஸ்டார் கார்ல்டனின் மேடிசன் பிரெஸ்பாகிஸ். இறுதிப் போட்டிக்கு அடிலெய்டு மைதானத்துக்கு 53,034 பேர் வந்தார்கள். அதே பருவத்தில்தான் டெய்லா ஹாரிஸ் என்ற வீராங்கனை பந்தை உதைக்கும் படம் ஒன்றின் கீழே ஆபாசமாக எழுதினார்கள். நாடே அதைப் பேசியது. பிறகு அந்த உதைக்கு வெண்கலச் சிலையே வைத்தார்கள். என் வகுப்புப் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் சிறுமிகளாக இருந்தபோது, குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு பெண்களுக்கு அணியே கிடையாது. பையன்களோடும் சேர்க்க மாட்டார்கள். இன்று மாலை பயிற்சிக்கு அந்த அம்மாக்கள்தான் காரில் கூட்டிப் போகிறார்கள். சில பேர் வேலிக்கு வெளியே நிற்காமல் தாங்களே பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் இங்கே நான்கைந்து பேரைப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண்களின் பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்டு வந்தால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். நானே கணக்கு வாத்தியார், சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. இந்தப் பட்டியல்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் மொத்தம் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று ஓர் எண் இருக்கும். சிலருக்கு முந்நூறு. பலருக்கு முப்பது, நாற்பது. கொஞ்சம் பேருக்கு 1. ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த ஒன்றையும் அழிப்பதில்லை. முந்நூறு ஆடியவருக்கு இருக்கிற அதே வரி, அதே எழுத்து அளவு, அறிமுகமான தேதியோடு. என் மாணவர்களுக்குச் சராசரி கண்டுபிடிக்க இந்தப் பட்டியலைக் கொடுத்தபோது ஒரு பெண் கேட்டாள்: "சார், இந்த ஒன்று ஆடினவங்களை விட்டுட்டுக் கணக்குப் போடலாமா? சராசரி ரொம்பக் குறையுது." வகுப்பில் அதைப் பற்றி ஒரு பீரியடு முழுக்க வாதம் நடந்தது. இடைநிலை அளவு, முகடு எல்லாம் அன்றைக்கே நடத்தி முடித்தேன். விடலாம் என்று ஒன்பது பேர், கூடாது என்று பதினான்கு பேர்.

பின்னால் தேநீர் வந்துவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.